பின்கதவின் தாழ்ப்பாள்

ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும். அதில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பு வரை துளைத்துச் சென்றதாக வன்பரணர் பாடியது புறநானூற்றில் 152ஆம் பாட்டாக இருக்கிறது. அந்த அம்பின் வேகத்தை நம்பலாமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஓரிக்கு அந்த அம்பால் ஏன் காயம் படவில்லை என்று யாரும் கேட்பதில்லை. வில்லின் வேலை கண்ணெதிரே நடப்பதால் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

துப்பாக்கி விஷயத்தில் அந்தக் கேள்வி எழத்தான் வேண்டும். குழலுக்குள் மருந்து வெடிக்கிறது. வெடித்த வாயுவுக்கு முன், பின் என்ற பேதம் கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தள்ளும். முன்னால் தள்ளியதில் குண்டு பறந்துவிட்டது. பின்னால் தள்ளியது எங்கே போயிற்று? அங்கேதானே, ஒரு சாண் தூரத்தில், சுடுபவரின் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் அழுந்தியிருக்கிறது?

தோள்பட்டையில் இடிக்கிறதே, அதுதான் பதில் என்று சிலர் சொல்வார்கள். அது பாதிப் பதில். தோளில் இடிப்பது மொத்தத் துப்பாக்கியும் பின்னால் நகர்வதால். அப்படி நகர வேண்டுமென்றால் வாயு எதையாவது பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். குழலின் பின்பக்கத்தில் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

திறக்காத சுவர்

கொல்லிமலையிலும் சேர்வராயன், கல்வராயன் மலைகளிலும் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டதாகச் செய்தி வருவது வாடிக்கை. மரவள்ளியையும் சாமையையும் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்ற வைத்திருந்தோம் என்பார்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். குடகு மலையின் கொடவர்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினருக்கு இல்லை. எனவே, தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல்துறை ஊர் ஊராகச் சொல்லி வாங்குவதும் நடக்கிறது.

அந்தத் துப்பாக்கிகள் வாய்வழி நிரப்பும் வகை. கரிமருந்தையும் பால்ரஸ் குண்டையும் குழலின் முன்வாய் வழியாகப் போட்டுக் கோலால் இடிப்பார்கள். குழலின் பின்முனை நிரந்தரமாக அடைக்கப்பட்டிருக்கும். சுவர் உண்டு, கதவு கிடையாது. அடைப்பு திடமாக இருக்கும் வரை எல்லாம் சரி. சாதாரணக் குழாயில், தெரிந்த பட்டறையில் செய்த அடைப்பு எத்தனை முறை தாங்கும் என்பதை யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அது விட்டுக்கொடுக்கும்போது விரலும் கண்ணும் போகின்றன. பன்றிக்குப் பயந்து வாங்கிய கருவி வைத்திருப்பவரையே அடிக்கும் இந்த அநியாயத்தில் இயற்பியல் ஒளிந்திருக்கிறது. அதை அந்த மலை ஊர்களில் யாராவது எளிமையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

வாய்வழி நிரப்புவதில் இன்னொரு தொல்லை, நேரம். ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, மருந்து அளந்து, இடித்து, அதன் பிறகே சுட முடியும். பின்பக்கமாக நிரப்ப முடிந்தால் படுத்தபடியே நிரப்பலாம், வேகமாகச் சுடலாம். அதற்குச் சுவரில் கதவு வைக்க வேண்டும். நிரப்பும்போது திறக்க வேண்டும், வெடிக்கும்போது சுவராகவே நிற்க வேண்டும். ஐரோப்பியக் கம்மாளர்கள் நூற்றாண்டுக் கணக்கில் முட்டி மோதிய புதிர் இது.

கதவுக்குத் தாழ்

பிரஷ்யாவில் யோகான் நிக்கோலாஸ் டிரைசே என்பவர் செய்த துப்பாக்கியை அந்நாட்டு ராணுவம் 1841இல் ஏற்றுக்கொண்டது. அதன் பின்பக்க அமைப்பைப் பார்க்கும் எவருக்கும் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள்தான் நினைவுக்கு வரும். உருண்டையான ஓர் இரும்புத் தண்டு, அதில் பக்கவாட்டில் நீட்டிய ஒரு கைப்பிடி. முன்னால் தள்ளினால் தண்டு குழலின் பின்வாயை அடைக்கும். பிறகு கைப்பிடியைக் கீழே திருப்பினால் அது ஒரு பள்ளத்தில் விழுந்து மாட்டிக்கொள்ளும். கதவை எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் திருப்பிவிட்ட தாழ் தானாக நகராது. ஏனென்றால், தள்ளும் விசை நேர்க்கோட்டில் வருகிறது. தாழைத் திறக்க வேண்டியதோ சுழற்சி. நேராகத் தள்ளுவதால் சுழற்சி பிறக்காது.

கதவுத் தாழுக்கும் இதற்கும் ஒப்புமை இவ்வளவுதான். இனி எல்லாரும் சொல்வதுபோல் இதை ‘போல்ட்’ என்றே சொல்வோம். இன்று வரை கையால் இயக்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்த யோசனையின் வாரிசுகள்.

விளிம்பில் வெடிக்கும் தோட்டா

போல்ட்டைப் பழகுபவர்கள் எடுத்ததும் பெரிய துப்பாக்கியைத் தொடுவதில்லை. தேசிய மாணவர் படையில், அதாவது என்.சி.சி.யில், சேர்ந்த மாணவர் முதலில் கையில் எடுப்பது ‘பாயிண்ட் டூ டூ’. குழலின் உள்விட்டம் 0.22 அங்குலம், மில்லிமீட்டரில் சுமார் 5.6. தோட்டா சுண்டுவிரலின் பாதி நீளம்கூட இருக்காது.

இதன் சிறப்பு அதன் அடிப்பகுதியில். பெரிய தோட்டாக்களில் அடியின் நடுவே ஒரு சிறு வில்லையைப் பதித்திருப்பார்கள். போல்ட்டுக்குள் இருக்கும் ஊசி அதைக் குத்தும். .22 தோட்டாவில் அப்படி எதுவும் கிடையாது. பித்தளைக் கூட்டின் அடியை மடித்து வெளியே நீட்டிய விளிம்பாக்கி, அந்த மடிப்புக்குள்ளேயே அடிபட்டால் பற்றும் கலவையைப் பூசிவிடுகிறார்கள். ஊசி விளிம்பை அடிக்கும்போது, ஊசிக்கும் குழல்வாயின் எஃகுக்கும் இடையே மடிப்பு நசுங்குகிறது, கலவை பற்றுகிறது, உள்ளிருக்கும் மருந்து எரிகிறது. இதை விளிம்புவெடித் தோட்டா என்று சொல்லலாம்.

பிரான்சின் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் 1845இல் வீட்டுக்குள் குறி பார்த்து விளையாடுவதற்காக இதன் ஆதி வடிவத்தைச் செய்தார். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் 1857இல் அதைக் கைத்துப்பாக்கிக்குக் கொண்டுவந்தது. இன்று உலகம் முழுவதும் புழங்கும் ‘லாங் ரைஃபிள்’ அளவு 1887இல் வந்தது.

விளிம்பு நசுங்க வேண்டுமானால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய பித்தளை அதிக அழுத்தம் தாங்காது. ஆகவே விளிம்புவெடித் தோட்டா எப்போதும் சாதுவாகவே இருக்க வேண்டியிருக்கிறது. பயிற்சிக்கு அது பொருந்தியதற்கும் அதுவே காரணம்: விலை குறைவு, சத்தம் குறைவு, தோளில் இடி குறைவு. ஆனால் சாது என்ற சொல்லை நம்பி ஏமாறக் கூடாது. அந்தச் சாதுவின் பலத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எத்தனை கிலோ?

.22 தோட்டாவுக்குள் எழும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தோட்டாத் தொழில்துறையினர் வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. நமக்குப் பழகிய அளவில் சொன்னால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் சுமார் 1,690 கிலோ பாரம் உட்கார்வது போன்ற நெருக்கம். இது ஒரு கணத்தின் சிறு துணுக்கு நேரம் மட்டுமே நீடிக்கும். மருந்து பற்றியதிலிருந்து குண்டு குழலை விட்டு வெளியேறும் வரை மொத்தமாகவே இரண்டு, மூன்று மில்லி விநாடிதான்.

இனி, அந்த அழுத்தம் எவ்வளவு இடத்தின் மேல் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். குழலின் உள்விட்டம் 5.6 மில்லிமீட்டர் என்றால் அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ கால் சதுர சென்டிமீட்டர். ஒரு முழுச் சதுர சென்டிமீட்டருக்கு 1,690 கிலோ என்றால் கால் பங்குக்கு நானூற்றுச் சொச்சம். உச்சத்தில், குண்டின் முதுகில் நானூறு கிலோ. தோட்டாவின் அடியில், அதாவது போல்ட்டின் முகத்தில், அதே நானூறு கிலோ.

இரண்டரை கிராம் ஈயக் குண்டுக்கு நானூறு கிலோ தள்ளல் கிடைத்தால் அது விநாடிக்கு முந்நூறு மீட்டருக்கு மேல் வேகமெடுப்பதில் வியப்பில்லை. போல்ட்டின் கதை வேறு. அது அசையக் கூடாது.

அந்த நானூறு கிலோவை எது தாங்குகிறது? பெரும்பாலான .22 துப்பாக்கிகளில் கைப்பிடியின் அடிப்பகுதியே பூட்டு. கைப்பிடியைக் கீழே திருப்பும்போது அதன் கனத்த அடி, துப்பாக்கியின் எஃகு உடம்பில் வெட்டிய பள்ளத்துக்குள் இறங்குகிறது. இரண்டும் தொட்டுக்கொள்ளும் பரப்பு 30 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நானூறு கிலோவை முப்பதால் பங்கிட்டால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் பதின்மூன்று கிலோ. சாதாரண மென் எஃகுகூட இருபத்தைந்து கிலோ வரை நிரந்தரமாக நசுங்காமல் தாங்கும். துப்பாக்கி எஃகு அதைவிடத் திடமானது. கவலை இல்லை.

அதே கைப்பிடியை முழுக்கத் திருப்பாமல், ஓரம் மட்டும் பள்ளத்தில் மாட்டியபடி விட்டால்? தொடும் பரப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து 6 சதுர மில்லிமீட்டர் ஆகிறது என்று வைப்போம். இப்போது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரின் மேலும் அறுபத்தைந்து கிலோவுக்கு மேல். மென் எஃகின் தாங்குசக்தியைப் போல இரண்டரை மடங்கு. ஓரம் நசுங்கலாம், வழுக்கலாம், கைப்பிடி மேலே எகிறலாம். தோட்டாவும் போல்ட்டும் எஃகும் அதேதான். ‘கொஞ்சம்தான் மிச்சம்’ என்று கை நினைத்த அந்தச் சிறு திருப்பத்தில் பாதுகாப்பும் ஆபத்தும் இடம் மாறிவிட்டன.

இந்த ஆபத்துக்கு எதிராகப் பொறியாளர்கள் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். போல்ட்டுக்குள் ஓடும் ஊசியின் வால்பகுதியில் ஒரு புடைப்பு இருக்கும். கைப்பிடி முழுக்க இறங்கினால் மட்டுமே அந்தப் புடைப்பு போல்ட்டின் ஆழமான வெட்டுக்கு நேராக வரும், ஊசியும் தோட்டாவை எட்டும். பாதி திருப்பிய நிலையில் விசையை இழுத்தால் புடைப்பு ஒரு சரிவில் மோதும். ஊசியின் வேகம் போல்ட்டைத் திருப்புவதில் செலவாகிவிடும், தோட்டா பற்றாது. என் பார்வையில், துப்பாக்கியில் உள்ள எல்லாப் பாகங்களிலும் மிகவும் மரியாதைக்குரியது இந்தச் சரிவுதான். தேய்ந்த பழைய துப்பாக்கியில் அதை முழுக்க நம்பக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ராணுவத்தின் பழைய .303 தோட்டாவில் போல்ட்டின் மேல் வரும் தள்ளல் இதைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே கைப்பிடியின் அடி மட்டும் போதாது. போல்ட்டிலேயே தனியாகப் பூட்டுப் புடைப்புகள் வேண்டும்.

பித்தளையின் உதவி

சுவர் திடமாக நின்றால் மட்டும் போதுமா? போல்ட்டுக்கும் குழலுக்கும் இடையே மயிரிழை இடைவெளி எப்போதும் உண்டு. நானூறு கிலோ நெருக்கும் வாயு அந்த வழியாக ஏன் பீறிடவில்லை?

அதைத் தடுப்பது பித்தளைக் கூடு. அழுத்தம் ஏறும்போது மெல்லிய பித்தளை ஊதிப் பெருத்துச் சுற்றுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயுவுக்கு வழி அடைபடுகிறது. அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி விட்டுக்கொடுக்கிறது. சுருங்காவிட்டால் கூட்டை வெளியே இழுக்க முடியாது. காகிதத் தோட்டா போட்ட டிரைசேயின் துப்பாக்கியில் இந்த உதவி இல்லாததால் பின்பக்கம் வாயு கசிந்தது.

இந்த உதவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. கூட்டின் அடியைப் போல்ட்டின் முகம் அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். விளிம்பின் கனம் சுமார் ஒரு மில்லிமீட்டர். அதற்கு மேல் இடைவெளி அதிகமானால் தாங்க ஆளில்லாத பித்தளை மடிப்பில் கிழியும்.

கை படிக்கும் பாடம்

1948இல் தொடங்கிய என்.சி.சி.யில் பல தலைமுறை மாணவர்கள் போல்ட்டைப் பழகியது லீ-என்ஃபீல்டு குடும்பத்தைச் சேர்ந்த .22 பயிற்சித் துப்பாக்கியில். மலையிலிருந்து நாமக்கல், ராசிபுரம் பக்கம் படிக்க இறங்கும் பிள்ளைகளில் என்.சி.சி.யில் சேர்பவர்களுக்கும் முகாமில் இந்த வாய்ப்பு கிடைக்கும். இலக்கு 25 கஜத்தில். தரையில் படுத்துச் சுட வேண்டும். நிரப்பச் சொல்லும் ஆணை ‘பர்’, காலி செய்யச் சொல்வது ‘காலி கர்’. தமிழ்நாட்டு முகாமிலும் ஆணைகள் இந்தியில்தான். அந்த ஆணைகளுக்குப் பின்னால் கை செய்வது நான்கு அசைவுகள்: கைப்பிடியைத் தூக்கு, பின்னால் இழு, முன்னால் தள்ளு, கீழே திருப்பு.

தூக்குவது கதவைத் திறப்பது மட்டுமில்லை. போல்ட்டில் உள்ள ஒரு சாய்தளம், கைப்பிடி உயரும்போதே போல்ட்டை ஒரு நூலளவு பின்னால் நகர்த்துகிறது. சுவரோடு ஒட்டியிருக்கும் பித்தளையைப் பெயர்க்கும் கடினமான வேலை அந்த நூலளவில் நடந்துவிடுகிறது. கைப்பிடி நீளமாக இருப்பதால் கையின் சிறு பலம் அங்கே பெருகிப் போகிறது. அதனால்தான் கைப்பிடியை முழுக்கத் தூக்காமல் அவசரப்பட்டு இழுப்பவர் மல்லுக்கட்ட நேர்கிறது.

பின்னால் இழுக்கும்போது போல்ட்டின் முகத்தில் உள்ள சிறு கொக்கி விளிம்பைக் கவ்விக் கூட்டை வெளியே கொண்டுவருகிறது. பயணத்தின் கடைசியில் கூடு ஒரு நிலையான முனையில் மோதிப் பக்கவாட்டில் தெறிக்கிறது. புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். கூடு கண்ணில் பட்டதுமே போதும் என்று கையைத் திருப்பிவிடுவார்கள். மோதும் இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை. தெறிக்காமல் வழியை மறிக்கும். இனி போல்ட் நிற்கும் வரை இழுக்க வேண்டும் என்று கை படித்துக்கொள்கிறது.

முன்னால் தள்ளும்போது லீ-என்ஃபீல்டில் கடைசிக் கொஞ்ச தூரம் கனக்கும். ஊசியின் சுருள்வில் அப்போதுதான் முறுக்கேறுகிறது. எதுவோ சிக்கிவிட்டது என்று புதியவர் நிறுத்திவிடுவார். வேறு சில துப்பாக்கிகளில் சுருள்வில் முறுக்கேறுவது கைப்பிடியைத் தூக்கும்போது. அங்கே தூக்குவது கனக்கும், தள்ளுவது இலகு. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் சற்றுத் தடுமாறுவது இயல்பு.

கடைசியாகத் திருப்புவது. நானூறு கிலோ கணக்கு தெரிந்தவருக்கு இந்த அசைவின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடி அடியில் முட்டி நிற்பதை உள்ளங்கை உணரும் வரை திருப்ப வேண்டும். கண் இலக்கில் இருக்கும்போது இதைப் பார்த்து உறுதிசெய்ய முடியாது. தொடு உணர்வு மட்டுமே சாட்சி. படுத்த நிலையில் முழங்கையை ஊன்றியபடி, மணிக்கட்டை மட்டும் அசைத்து இந்த நான்கையும் செய்யப் பழகியவரின் உடம்பு அடுத்த குண்டுக்குக் குலையாது.

காலித் துப்பாக்கியில் விசையை இழுத்து இழுத்துப் பழகலாமே என்று தோன்றும். விளிம்புவெடித் துப்பாக்கியில் அது கூடாது. விளிம்பு இல்லாத இடத்தில் ஊசி நேரே குழல்வாயின் எஃகு ஓரத்தைக் கொத்தும். நாளடைவில் அங்கே வடு விழும். தோட்டா உள்ளே போகவும் வெளியே வரவும் முரண்டும். பழகுவதற்கென்றே செய்த போலித் தோட்டாவைப் போட்டுப் பழகுவதுதான் முறை.

2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றது இதே விளிம்புவெடித் தோட்டாவில். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் வைத்து, ஒவ்வொரு முறையும் போல்ட்டை மூடி, 50 மீட்டர் தள்ளி 10.4 மில்லிமீட்டர் வட்டத்தைத் தேட வேண்டிய போட்டி. மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலைகளிலும் கை அதே நான்கு அசைவுகளைச் செய்கிறது.

வெடிக்காத தோட்டா

விசையை இழுத்தாயிற்று. ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். குண்டு போகவில்லை. யாருக்கும் முதலில் தோன்றுவது போல்ட்டைத் திறந்து என்னவென்று பார்ப்பது.

விளிம்புவெடியில் இது மற்ற தோட்டாக்களைவிட அதிகம் நடக்கும். கலவையை ஈரமாகப் போட்டுச் சுழற்றி விளிம்பு மடிப்புக்குள் பரப்புகிறார்கள். எங்காவது ஓரிடத்தில் மெலிந்து போகலாம். ஊசி அந்த இடத்தில் அடித்தால் பொறி பிறக்காது. அந்த அளவில் ஆபத்து எதுவும் இல்லை.

ஆனால் பொறி பிறந்து, மருந்து சட்டென்று பற்றாமல் மெல்லக் கனிந்துகொண்டிருக்கவும் கூடும். வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒரே ‘டிக்’தான். அந்த நேரத்தில் கைப்பிடியைத் தூக்கினால் பூட்டு விலகுகிறது. அடுத்த கணம் மருந்து பற்றினால் நானூறு கிலோவைத் தாங்கப் பள்ளமும் இல்லை, பித்தளையின் அடியைப் பிடிக்க ஆளும் இல்லை. கிழிந்த பித்தளையும் சூடான வாயுவும் திறந்த வழியே முகத்தை நோக்கி வரும்.

எனவே பயிற்சியாளர்கள் சொல்வது: குழலை இலக்கின் பக்கமே வைத்திரு, போல்ட்டைத் தொடாதே, காத்திரு. அரை நிமிடம் காத்திருக்கச் சொல்வது பரவலான வழக்கம். அதன் பிறகு முகத்தை விலக்கிக்கொண்டு திறக்க வேண்டும். இந்த அரை நிமிடத்தைப் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் வெறும் ஆணையாகச் சொன்னால் மறந்துவிடும். மூடிய போல்ட் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று காட்டிச் சொன்னால் மறக்காது. நாட்டுத் துப்பாக்கியோ வாங்கிய துப்பாக்கியோ, மலையோரத்து இளைஞர் எவருக்கும் இது சென்று சேர வேண்டும் என்பது என் ஆசை.

சத்தம் வந்து, ஆனால் வழக்கத்தைவிட மந்தமாக வந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை. மருந்து குறைவாக எரிந்து, குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொரு குண்டைச் சுட்டால் குழல் பிளக்கும். போல்ட்டைக் கழற்றி, பின்னாலிருந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தோட்டா.

சுட்டு முடித்ததும் போல்ட் திறந்தபடியே இருக்க வேண்டும். பொறுப்பாளர் வந்து தோட்டா அறை காலி என்று பார்த்த பிறகே யாரும் எழலாம். பன்னாட்டுப் போட்டிகளில் இதோடு விடுவதில்லை. பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கொடி ஒன்றின் முனையைத் தோட்டா அறைக்குள் நுழைத்து வைக்க வேண்டும். கொடி அங்கே இருக்கும் வரை போல்ட்டை யாராலும் மூட முடியாது. தோட்டா அறை காலி என்பதும் தூரத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியும்.